கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகாதவர்கள்

எங்கள் சபையில் வருடத்திலேயே மிகக் குறைவான கூட்டம் எந்த நாளில் வரும் தெரியுமா? கிறிஸ்துமஸ் அன்று. கல்லூரி நண்பர்களிடம் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவன்கூட கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் போவானே என்றார்கள். போவான்தான், ஆனால் அவனுடைய சொந்த ஊர்க் கோயிலுக்கு!

செங்கோட்டையில் நாங்கள் இருப்பது பதினெட்டு வருடமாக. அப்பா ரயில்வேயில் வேலை, அம்மா பள்ளி ஆசிரியை. எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் இருபத்துச் சொச்சம் குடும்பங்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் ஐம்பது பேர் இருந்தால் நல்ல கூட்டம். (குற்றால சீசனில் மட்டும் கணக்கு மாறும். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியூர்க்காரர்கள் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். காணிக்கைப் பையும் அன்று கொஞ்சம் கனமாக இருக்கும்.) டிசம்பர் 23 வந்துவிட்டால் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழும். நாசரேத் பக்கம், சாத்தான்குளம் பக்கம், மெஞ்ஞானபுரம் பக்கம் என்று அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடுவோம். நாங்களும் அப்படித்தான். என் வாழ்க்கையில் செங்கோட்டையில் கிறிஸ்துமஸ் கொண்டாடியதே கிடையாது, மூன்று வருடத்துக்கு முன்பு வரை.

அந்த வருடம் அம்மா மாடிப்படியில் விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் முதல் முறையாக இங்கேயே அதிகாலை ஆராதனைக்குப் போனேன், அப்பாவோடு. மொத்தம் பதினோரு பேர். எண்ணிப் பார்த்தேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். எங்கள் ஐயருக்கு (திருநெல்வேலிப் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், வெளியூர் நண்பர்கள் குழம்ப வேண்டாம்) சேகரத்தில் இன்னும் பல சபைகள். அவர் எட்டு மணிக்குமேல்தான் திருவிருந்து கொடுக்க வர முடியும். சபை ஊழியர்தான் ஆராதனை நடத்தினார். ஹார்மோனியம் வாசிப்பவரும் ஊருக்குப் போய்விட்டதால் பாட்டுகள் ஆளுக்கொரு சுருதியில் போயின.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பதினோரு பேரைப் பற்றி. எங்கள் இருவரைக் கழித்தால் ஒன்பது. அதில் சபை ஊழியர் ஒருவர். மீதி எட்டுப் பேரும் யார் யார் என்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு தம்பதி, அவர்களின் இரண்டு பிள்ளைகள். கலப்புத் திருமணம் செய்தவர்கள், இருவருமே கிறிஸ்தவக் குடும்பங்கள்தான், ஆனாலும் இரண்டு பக்க ஊரிலும் அவர்களுக்கு வாசல் திறக்கவில்லை. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து மர அறுவை மில்லில் வேலை பார்க்கும் ஒரு மலையாளி. குடும்பத்தில் தான் மட்டும் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்மணி. துப்புரவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும். அதாவது, ஊர் இல்லாதவர்கள். இல்லையென்றால், ஊர் இருந்தும் அங்கே இடம் இல்லாதவர்கள்.

வருடம் முழுவதும் இவர்களுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறேன். "நீங்கள் பண்டிகைக்கு எங்கே போவீர்கள்?" என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அந்தப் பெரியவரை நான் மறக்கவே கூடாது. காரணம், அதே வருடம் பெரிய வெள்ளி. மும்மணி தியானம் என்று ஒன்று உண்டு. மதியம் 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தியானிப்பது. பெரிய சபைகளில் இதற்கு ஏழு பிரசங்கிகளை மாதக்கணக்கில் முன்பே தேர்ந்தெடுப்பார்கள். அதில் யாருக்கு எத்தனையாவது வார்த்தை என்று மனஸ்தாபம்கூட வரும். எங்கள் சபையில் அந்தப் பிரச்சினையே இல்லை. இருக்கிற ஆட்களே ஏழு பேர் பேசியாக வேண்டும்! அந்த வருடம் தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தை பெரியவருக்கு வந்தது. அவர் மொத்தமே நாலு நிமிஷம்தான் பேசினார். தான் வேலை பார்த்த காலத்தில் தெருவில் தண்ணீர் கேட்டால் எப்படிக் கொடுப்பார்கள் என்று சொன்னார். டம்ளரில் தரமாட்டார்கள். கையைக் குவித்துக் குனிந்து நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். பாதி கைக்கு, பாதி சட்டைக்கு. "அவருக்குக் காடியாவது குச்சில வச்சு வாய்க்கிட்ட கொண்டு போனாவ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாளையங்கோட்டையில் பெரிய பெரிய பிரசங்கிகள் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு நினைவிருக்கும் ஒரே பெரிய வெள்ளிச் செய்தி அதுதான்.

சிறிய சபைக்கு ஐயர் அடிக்கடி வர முடியாது, பாடகர் குழு இல்லை, கூரைக்குப் பணம் இல்லை என்பதையெல்லாம் குறையாகச் சொல்கிறோம். அவை குறைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய சபையில் அந்தப் பெரியவரை யாரும் பேசக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆள் பற்றாததால்தான் எங்களுக்கு அந்த நாலு நிமிஷம் கிடைத்தது. அதைக் கேட்டு அழுத நானே டிசம்பர் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பத் தயாராகத்தான் இருந்தேன். அம்மா விழாவிட்டால் போயிருப்பேன்.

சரி, நாம் ஏன் ஊருக்குப் போகிறோம்? வெறும் பாசம் மட்டும் அல்ல, இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1799-இல் முதலூர் உருவான கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களை அவரவர் கிராமத்தில் வாழவிடவில்லை. வீடுகள் போயின, கோயில்கள் போயின. டேவிட் சுந்தரானந்தம் முன்னின்று, நிலம் வாங்கி, விரட்டப்பட்டவர்களைக் குடியேற்றிய ஊர் அது. பிறகு ரேனியஸ் ஐயர் காலத்தில் அதே முறையில் பல கிறிஸ்தவ ஊர்கள் எழுந்தன. அடைக்கலம் தேடி வந்தவர்கள் சேர்ந்து கட்டிய ஊர்கள் என்பதால் ஊரும் சபையும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு மூன்று தலைமுறை அங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தபின் சபையும் சொந்தமும் ஒன்றாகிவிட்டன. சொந்தம் என்றால் சாதி என்றும் அர்த்தம். அதை நாம் வாய் விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். விரட்டப்பட்டவர்களுக்காகத் தோன்றிய ஊர்களில், இன்று கலப்புத் திருமணம் செய்த ஒரு தம்பதிக்கு இடம் இல்லை.

ஆனால் திருநெல்வேலித் திருச்சபையின் ஆரம்பம் இப்படிப்பட்ட ஊரிலா? இல்லை. பாளையங்கோட்டையில், ஒரு கோட்டை ஊரில். 1778-இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மராத்திப் பிராமண விதவை. அவர் கட்டிய சிறிய கோயிலை இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்பார்கள். 1780-இல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் இருந்தது நாற்பது பேர். பல சாதியார். படை இருக்கும் ஊர் என்பதால் பிழைப்புக்காக எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே எங்கள் செங்கோட்டைச் சபை!

செங்கோட்டையும் அப்படி ஒரு விளிம்பு ஊர்தான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, பிறகு தமிழ்நாடு. 1904-இல் மலையைக் குடைந்து வந்த கொல்லம் ரயில் பாதை எத்தனையோ பேரை இங்கே இறக்கிவிட்டது. இங்கே எங்கள் சபையில் யாருக்கும் யாரும் மாமா மச்சான் இல்லை. வேலை மாற்றலில் வந்தவர்கள், கடை போட வந்தவர்கள், தப்பி வந்தவர்கள். சபை என்ற ஒன்று இல்லையென்றால் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கவே மாட்டார்.

நம்முடையது பேராயர் ஆளுகைக்கு உட்பட்ட சபை முறை. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டு, ஏற்கெனவே ஒன்றாக இருந்த தென்னிந்திய ஐக்கிய சபையார் எல்லாரும் சேர்ந்தார்கள். அப்போதும் இந்த முறை தொடர்ந்தது. இதன் அடிப்படை எளிமையானது. திருமண்டலம், அதற்குள் சேகரம், சேகரத்துக்குள் சபை. எல்லாமே நிலத்தை வைத்துப் போட்ட எல்லைகள். நீ எங்கே குடியிருக்கிறாயோ அங்கே உள்ள சபையே உன் சபை. இரத்தத்தை வைத்து எல்லை போடவில்லை. நாம்தான் அந்த எல்லையை அழித்துவிட்டு வேறொன்று போட்டுக்கொண்டோம். குடியிருப்பது ஓரிடம், பெயர் பதிவு வேறிடம், சங்கக் காணிக்கை அங்கே, திருமண்டலத் தேர்தல் ஓட்டும் அங்கே. இங்கே ஓட்டை ஓடு மாற்றக் கேட்டால் "ஊர்ல கோபுரம் கட்டுதோம், அதுக்கே கொடுத்துட்டோம்" என்பார்கள். என் அப்பாவும் சொல்லியிருக்கிறார்.

வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா இதை வேறு மாதிரி செய்து காட்டியவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். மற்றவர்களை அனுப்பிவிட்டு இங்கேயே இருந்துவிடாமல் தானும் தெலுங்கு தேசத்துக்குப் போனார். தெலுங்கு கற்றார். 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். அங்கே அவர் சபைகளில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். கிராமம் கிராமமாகச் சின்னச் சின்னச் சபைகள். அவருக்கு அங்கே ஒரு சொந்தக்காரர் கிடையாது. நம் ஊர்க்காரர் என்று அவர் படத்தை மாட்டி வைத்திருக்கிறோம். ஊரை விட்டுப் போனதால்தான் அவர் அசரியா ஆனார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். பதிவை இங்கே மாற்றுவோம், கிறிஸ்துமஸ் இங்கே இருப்போம் என்றேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எலே, அங்க பேரு இல்லன்னா நாளைக்கு எங்கள எங்க கொண்டு வைப்ப? தாத்தா பக்கத்துலதான் எனக்கு இடம்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. எங்கள் சபைக்காரர்களில் இதே ஊரில் அடக்கமானவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யார் இறந்தாலும் ஆம்புலன்ஸ் கிழக்கே போகிறது. முப்பது வருடம் சேர்ந்து ஜெபித்தவர்கள் தெருமுனை வரை நடந்து போய்க் கை காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். கல்லறை என்பது சாதாரண விஷயம் அல்ல. அதிலும் நம் பக்கத்தில் கல்லறைக்கே சாதிச் சுவர் இருந்த ஊர்கள் உண்டு என்பதால், "எனக்கு இடம் உண்டு" என்ற நிச்சயம் ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிகிறது. அப்பாவுக்கு அந்த நிச்சயம் இருக்கிறது. மும்மணி தியானத்தில் பேசிய பெரியவருக்கு இல்லை. அவர் போன ஆடி மாதம், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் காலமானார். அவரை எங்கேயும் எடுத்துப் போக வேண்டியிருக்கவில்லை. இங்கேயேதான் அடக்கம். குடை பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட எல்லாக் குடும்பமும் வந்திருந்தது. தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, சாப்பிடாமல் ரொம்ப நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

பெரிய சபைகள் வேண்டாம் என்றோ, ஊருக்கே போகக்கூடாது என்றோ நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் ஆச்சி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள் :-) புது வருஷத்துக்குப் போகலாமே. அறுப்பின் பண்டிகைக்குப் போகலாம், அசனத்துக்குப் போகலாம். ஆனால் குடியிருக்கிற ஊரின் சபையைத் தங்கும் விடுதி மாதிரி நடத்தக்கூடாது என்கிறேன். அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபையிலும் எத்தனையோ சிறு சபைகள் முழுநேரக் குரு இல்லாமல், இருக்கிற ஆட்களே வேலைகளைப் பகிர்ந்துகொண்டு நடக்கின்றன. அங்கே ஆள் இல்லாததற்குக் காரணம் ஆட்கள் வருவதே குறைந்துபோனது. இங்கே நம்மிடம் ஆள் இருக்கிறது, வேறு ஊரில் பெயரை வைத்திருக்கிறது!

சங்கக் காணிக்கையில் பாதியை இங்கே கொடுங்கள். வருடத்தில் ஒரு பெரிய பண்டிகைக்காவது இங்கே இருங்கள். ஊர் இல்லாத குடும்பத்தை அன்று மதியம் சாப்பிடக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். இரண்டாவதுதான் கஷ்டம். நாங்கள் அந்த மூன்று வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் அன்று பெரியவர் வீட்டில்தான் சாப்பிட்டோம். அம்மாவால் சமைக்க முடியாது என்று தெரிந்து அவர் மனைவியே வந்து கூப்பிட்டார்கள். தண்ணீரை வெண்கலச் செம்பில் வைத்திருந்தார்கள். அப்பா முதலில் அதைத்தான் எடுத்துக் குடித்தார்.

இந்த டிசம்பருக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வழக்கமாக இந்நேரம் அப்பா ஊருக்குப் போவதற்கு நாள் குறித்திருப்பார். இதுவரை பேச்சே எடுக்கவில்லை. அம்மா மட்டும் நேற்று, பெரியவர் மனைவியையும் சேர்த்தால் இருபது பேருக்கு எத்தனை கிலோ அரிசி போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.