நான் யாரென்று கேட்காதீர்கள்

கடந்த தீபாவளிக்கு ஸ்கூடாயில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அவர் நாற்காலிக்கு முன்னால் குனிந்து, "பெரியம்மா, நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்று கேட்டோம். என் முறை வந்தபோது என் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டு, இறந்துபோன என் சித்தியின் பெயரைச் சொன்னார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பெரியம்மா மட்டும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அன்று அவர் யாரிடமும் பேசவில்லை.

நாங்கள் அவருக்குப் பரீட்சை வைத்து, தோற்கடித்து, சிரித்தும் இருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின. உறைக்க வைத்தவள் என் தங்கை மகள். படிவம் நான்கில் படிக்கிறாள்.

பெரியம்மாவுக்கு 81 வயது. கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். ஜொகூரின் எத்தனையோ ரப்பர் தோட்டங்களைப் போல அந்தத் தோட்டமும் இன்று இல்லை. அங்கே வரிசை வீடுகள் நிற்கின்றன. அவர் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியும் முன்பே மோட்டாரில் புறப்பட்டால்தான் பாலத்து நெரிசலைத் தாண்ட முடியும். அவர் எழும் நேரத்துக்கு முன்பே பெரியம்மா எழுந்துவிடுவார். அடுப்படியில் வாளியைத் தேடுவார். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார். "பெரட்டும் இல்ல, தோட்டமும் இல்ல, போய்ப் படுங்கம்மா" என்று மகன் சொல்வார். தினமும் அதிகாலை நான்கு மணிக்கு அந்த வீட்டில் ஒரு சண்டை.

டாக்டர் சொன்ன பெயர் டிமென்ஷியா. நம் வீடுகளில் இதை "வயசாச்சு, தடுமாறுது" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இது இருக்கக்கூடும் என்று கணித்தது. ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். உங்கள் தாமானில் ஒரு வரிசை வீடுகளை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள்.

தங்கை மகள் பள்ளியின் சமூகத் தொண்டுக்காகத் தோழி ஒருத்தியுடன் பெரியம்மாவைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு தாள், அதில் பத்துக் கேள்விகள். "பாட்டி, காலையில என்ன சாப்பிட்டீங்க? உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? இன்னிக்கு என்ன கிழமை?" மூன்றாவது கேள்விக்கே பெரியம்மா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் முகம் வாடித் திரும்பினார்கள்.

இனி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமும் வந்தார்கள், இந்த முறை தாள் இல்லாமல். தங்கை மகள் தரையில் உட்கார்ந்து, "பாட்டி, எனக்குப் பால்மரம் வெட்டத் தெரியாது. சொல்லித் தர்றீங்களா?" என்றாள்.

பெரியம்மா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைதான் மரம். தம் கட்டைவிரலை உளியாக்கி, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவாக ஒரு கோடு இழுத்தார். "பட்டையை மட்டும் சீவணும். ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். கங்காணி ஏசுவாரு." மங்கை எங்கே வைப்பது, காண்டா வாளியை எப்படித் தூக்கினால் தோள் வலிக்காது என்று அரை மணி நேரம் பேசினார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாத அதே பெரியம்மா!

இதில் மாயம் ஒன்றுமில்லை. டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத்தான் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. அதனால் இன்று காலை நடந்தது பதிவதில்லை. இளவயது நினைவுகள் அதிக நாள் தங்குகின்றன. கை பழகிய வேலை மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது. அது பல சமயம் பேச்சை விடவும் நீடிக்கும். மொழியும் அப்படித்தான். பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, தாய்மொழிக்கே திரும்புகிறவர்கள் உண்டு. பராமரிப்பு இல்லங்களில் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் அன்பாகப் பேச ஆள் இருக்கலாம். 'நிரை' என்றால் என்ன, 'ஒட்டுப்பால்' என்றால் என்ன என்று தமிழில் கேட்க நம் பிள்ளைகளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது வாரம் பெரியம்மாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "யாரு நீ? புதுசா பேர் போட்டிருக்கியா?" என்றார். அவள் ஒரு நொடி தயங்கிவிட்டு, "ஆமா பாட்டி, புதுசு" என்றாள். பாடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான்.

ஒரு நாள் அவள், "மழை பெய்ஞ்சா என்ன செய்வீங்க பாட்டி?" என்று கேட்டாள். "மழைன்னா வெட்டு இல்ல. போர்த்திக்கிட்டுப் படுத்துக்குவோம்" என்று சிரித்தார் பெரியம்மா. அடுப்படியில் இருந்த மகன் காதில் அது விழுந்தது. மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குப் பெரியம்மா வாளியைத் தேடியபோது, "இன்னிக்கு மழைம்மா. வெட்டு இல்ல" என்றார். பெரியம்மா, "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அம்மாவிடம் பொய் சொல்வதா என்று அவருக்குச் சில நாள் மனம் உறுத்தியது. நான் சொன்னேன்: "அவங்க இருக்கிற இடத்துல மழை பெய்யுதுண்ணே. நாமதான் குடையோட போகணும்."

பெரியம்மா குணமாகிவிடவில்லை. இந்த நோயைத் திருப்பி அனுப்பும் மருந்து இன்னும் வரவில்லை. இப்போது பேச்சும் குறைந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.

பிற நாடுகளில் இதை முறையாகவே செய்கிறார்கள். இங்கிலாந்தில் 2014இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் மருத்துவ, தாதிமை மாணவர்கள் இருவர் இருவராக, டிமென்ஷியாவோடு வாழும் ஒரே குடும்பத்தை இரண்டு ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று பார்க்கிறார்கள். அங்கே குடும்பம்தான் ஆசிரியர். ஜப்பானில் 2005 முதல் பொதுமக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்நோயைப் பற்றிச் சிறு வகுப்பு நடத்துகிறார்கள். நம் ஜொகூர் பாருவிலும் 'ஜொபாடா' என்ற அல்சைமர் ஆதரவுச் சங்கம் உண்டு. நம் இளைஞர் அமைப்புகளும் பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களும் அங்கிருந்து தொடங்கலாம்.

பிள்ளைகளை அனுப்பும் முன் சில சொற்கள். ஒரு நாள் போய்ப் பழக்கூடை கொடுத்துப் படம் எடுத்துத் திரும்புவதில் பயன் அதிகம் இல்லை. அதே வீட்டுக்கு, அதே கிழமையில், அதே இருவர் போகட்டும். ஒரு மணி நேரம் போதும். அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். உள்ளே போனதும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லட்டும். கையில் ஒரு பொருள் இருந்தால் நல்லது: வெற்றிலைத் தட்டு, தொடுக்கப் பூ, உரிக்கப் பூண்டு. தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம். படம் எடுத்து ஊருக்குக் காட்டவும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒன்று. வீட்டுப் பெரியவரின் மறதி அன்றாட வேலையைத் தடுமாற வைத்தால், சீக்கிரம் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். தைராய்டு குறையாலும் பி12 சத்துக் குறையாலும் மனச்சோர்வாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

இந்தத் தீபாவளிக்கும் ஸ்கூடாய்க்குப் போவோம். குடும்பத்தில் எல்லோருக்கும் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியம்மா, நான் உங்க தங்கச்சி மக. முறுக்கு சரியா வரல, எப்படிப் பிழியறதுன்னு காட்டுங்க" என்று கையை நீட்டப் போகிறேன்.