பெடியனை இங்கே அனுப்பாதீர்கள்

அன்பான வடமராட்சி ஊரவருக்கு,

கொஞ்சக் காலமாக ஊரிலிருந்து கோல் வந்தால், சுகம் விசாரித்த கையோடு ஒரே வேண்டுகோள்தான் வருகிறது. "பெடியன் பழுதாப் போறான் தம்பி. எப்பிடியாவது உங்கை எடுத்துவிடு. இடம் மாறினால் திருந்திடுவான்." காணியை ஈடு வைத்தாவது ஏஜென்சிக்குக் கட்டத் தயாராக நிற்கிறீர்கள். தனித்தனியே சொல்லிச் சங்கடப்படுவதைவிட எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்: இடமாற்றத்தால் இந்தப் போதை வருத்தம் மாறாது.

கனடாவில் 2016 முதல் 2024 முடிவதற்குள் ஹெரோயின், ஃபென்ரனைல் போன்ற ஓபியாய்ட் வகைகளால் இறந்தவர்கள் 50,000 பேருக்கு மேல். இங்கே தெருவில் கைமாறும் தூளில் பெரும்பாலும் ஃபென்ரனைல் கலந்திருக்கிறது. சில உப்புத் துகள் அளவு கூடினாலே மூச்சை நிறுத்திவிடும் வீரியம் அதற்கு. ஊரில் ஹெரோயின் தூள் பழகிய பிள்ளை, குளிரிலும் தனிமையிலும் இங்கே தேடிப்போவது அதைத்தான்.

ஊருக்குள்ளும் இடம் மாற்றுகிற இதே வழியைத்தான் நம்புகிறோம். பிடிபட்டால் சிறை, இல்லாவிட்டால் கந்தக்காடு புனர்வாழ்வு முகாம். 2022 ஜூனில் கந்தக்காட்டில் கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் தெரிந்த செய்திதான். ஆனாலும் பெடியன் கண்ணில் படாத வரைக்கும் வீட்டில் ஒரு நிம்மதி. உண்மையில் அவன் திரும்பி வருகிற கிழமைதான் பயப்படவேண்டிய கிழமை. ஹெரோயினுக்குப் பழகிய உடம்பு வரவரக் கூடுதல் அளவைத் தாங்கும். சில கிழமைகள் தொடாமல் இருந்தால் அந்தத் தாங்குசக்தி இறங்கிவிடும், ஆசை இறங்காது. வெளியே வந்ததும் மதவடியில் பழைய கூட்டாளியோடு பழைய அளவைப் போடுகிறான். அந்த அளவே அவனைக் கொன்றுவிடலாம். அறைக்குள் பூட்டிவைத்துத் திருத்துகிற வீடுகளுக்கும் இதே ஆபத்துத்தான்.

தூளை நிறுத்தினால் கொட்டாவி, மூக்கால் ஓடுதல், எலும்புக் குத்து, வயிற்றோட்டம் எல்லாம் வரும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமையளவில் தணியும். "நடிக்கிறான்" என்று அடிக்காதீர்கள். அந்த வேதனையைக் குறைக்க வைத்தியரிடம் மருந்து உண்டு. அந்தக் கிழமை முடிந்த பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. அது மாதக்கணக்காக நீளும். ஊசியால் ஏற்றுகிறவனுக்குக் காய்ச்சல் விடாமல் காய்ந்தால் பனடோலோடு நிறுத்தாதீர்கள். ஊசிவழி போன கிருமி இதய வால்வில் குடியேறியிருக்கலாம். மாறி மாறிப் பாவித்த ஊசியால் எச்.ஐ.வி.யும் ஈரலைத் தின்னும் ஹெபடைடிஸ் சியும் தொற்றும். ஊசி போட்டதை மறைக்காமல் வைத்தியரிடம் சொன்னால்தான் சரியான சோதனை நடக்கும்.

ஐஸ் என்கிற மெதாம்பெற்றமின் வேறு மாதிரி. நாட்கணக்கில் நித்திரை இராது, சாப்பாடு இறங்காது, பல் சொத்தையாகும். தாயே நஞ்சு வைக்கிறாள் என்ற சந்தேகம் வரும். இல்லாத குரல்கள் காதில் கேட்கும். செய்வினை என்று கழிப்புக் கழிக்க அலைந்து நாளைக் கடத்தாமல், தெல்லிப்பழை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

ஒருவன் தட்டியும் எழும்பாமல், குறட்டைபோல இழுத்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால் தண்ணீர் பருக்காதீர்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பொலிஸ் வரும், ஊர் கதைக்கும் என்று யோசிக்கிற நிமிடங்களில்தான் உயிர் போகிறது. இங்கேயும் அதே பயத்தால் பலர் செத்தார்கள். அதனால்தான் 2017இல், உதவிக்கு அழைத்தவர்மேல் தன் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்தைச் சுமத்தக்கூடாதென்று கனடா சட்டமே கொண்டுவந்தது. நின்றுபோகிற மூச்சை மீட்கும் நலொக்சோன் மருந்தை ஒன்ராறியோ மருந்தகங்களில் இலவசமாகத் தருகிறார்கள். அதை எங்கள் சனசமூக நிலையத்திலும் வைக்க முடியுமா என்று சுகாதாரப் பகுதியிடம் ஊராகச் சேர்ந்து கேட்போம்.

இங்குள்ள ஊர்ச்சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. கோபுரத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் சேர்க்கிற காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவோம். பிள்ளையோடு கிளினிக்குக்குப் போய்வரும் தாய்க்கு ஒருநாள் கூலி போகும், ஓட்டோக் காசு வேண்டும். திருந்தி வந்தவனுக்கு மதவடியைத் தவிரப் போக ஓர் இடம், செய்ய ஒரு தொழில் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் தயங்காமல் கேளுங்கள், என்னால் ஆனதை அனுப்புகிறேன். ஏஜென்சிக் காசு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

உங்கள் ஊரவன்,
ஸ்காபரோ, கனடா