அட்டவணையும் ஆள்பலமும்

கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனியாவுக்கு அருகில், மகாவலி ஆற்றை மறித்து 122 மீற்றர் உயர்ந்து நிற்கும் விக்டோரியா அணைக்கட்டைக் காணுந்தோறும், 30 ஆண்டுகளுக்கென வகுத்த மகாவலிப் பெருந்திட்டத்தை 1977க்குப் பின் 6 ஆண்டுகளுக்குள் சுருக்க முனைந்த அக்காலத்தின் துணிவும் அவசரமும் ஒருங்கே நினைவில் எழுகின்றன.

இன்றோ, இத்தகைய கட்டுமானங்களின் வேலைகளை அட்டவணைப்படுத்தும் பிரைமவேரா போன்ற கணினி மென்பொருள்கள், ஒரே கிழமையில் இரண்டு வேலைகள் ஒரே பாரந்தூக்கியைக் கேட்குமாயின், அம்முரண்பாட்டை முன்கூட்டியே காட்டி, அவகாசமுள்ள வேலையைப் பின்தள்ளிப் பளுவைச் சமப்படுத்தித் தருகின்றன. ஆயினும், நாளை எத்தனை மேசன்மார் மெய்யாகவே வருவர், மலைச்சரிவில் மழை எத்தனை நாள் வேலையை நிறுத்தும் என்பதை யந்திரம் சுயமாக அறியாது. சத்தியமான கணக்கை மனிதனே இடல் வேண்டும்.

ஆதலால், திறப்புவிழாத் திகதியை முதலிற் குறித்துவிட்டு ஆட்களைப் பின்னர் தேடும் வழக்கத்தை நம் அதிகாரிகள் கைவிடுவார்களாக!