தாயின் கொடையும் தாயின் அச்சமும்



தம் சிறுநீரகங்களுள் ஒன்றை மகனுக்கு ஈந்த தாய் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். "சாமி, சிறுநீரகம் மாற்றிய பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் என்கிறார்களே! நான் கொடுத்ததே அவனுக்கு வினையாகிவிடுமோ?" என்று கண்கலங்கினார். அவரைப் போன்ற பெற்றோர் பலர்க்கும் பயன்படும் என்பதால், உண்மை நிலையை இங்கே எடுத்துரைக்கின்றோம்.

1954-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் மரே குழுவினர் முதன்முதல் வெற்றியுடன் பொருத்திய சிறுநீரகம், உருவொத்த இரட்டையருள் ஒருவர் மற்றவர்க்கு ஈந்தது. ஆகவே உடல் அதனை ஏற்றது. மற்றையோர் உடலோ, பெற்ற தாயின் உறுப்பையும் அந்நியமெனக் கருதி எதிர்க்கும். அவ்வெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். அம்மருந்துகள் கிருமிகளையும் புற்றணுக்களையும் அழிக்கும் உடற்காவலையும் தளர்த்துகின்றன. ஆபத்தின் வேர் இதுவே.

சிறுவர்க்கு மற்றுமொரு காரணம் உண்டு. 1964-இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ், பெரியோருள் பெரும்பாலோர் உடலில் தீங்கின்றி உறங்குகின்றது. அதனை இதுவரை அறியாத குழந்தையின் உடலுக்குள், பெரியவர் ஒருவரின் உறுப்போடு அது புகலாம். காவல் தளர்ந்த உடலில் வெள்ளணுக்களை அளவின்றிப் பெருக்கி, நிணநீர்ப் புற்றாகவும் ஆக்கலாம். முதல் ஆண்டில் இவ்வாபத்து மிகுதி. எனினும் மிகச் சிலர்க்கே இது நேர்கின்றது.

ஆகவே வேண்டுவது அச்சமன்று, விழிப்பே. நீங்காத காய்ச்சல், கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டுதல், தொண்டைச் சதை வீக்கம், உடல் மெலிவு, தீராத வயிற்றுப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினும், உறுப்பு மாற்றிய மருத்துவரிடம் உடனே செல்க. எதிர்ப்படக்கு மருந்தை அவர் அளவறிந்து குறைப்பதாலேயே கட்டி கரைவதும் உண்டு. ஆனால் பெற்றோர் அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்துவது பெருந்தவறு. பெற்ற உறுப்பே அழிந்துவிடும். பிற்காலத்தில் தோற்புற்றும் வரக்கூடுமாதலால், கடும் வெயிலினின்றும் பிள்ளையைக் காப்பது நன்று.

2000-ஆம் ஆண்டு உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உறுப்புக் கொடையை அன்பின் செயலெனப் போற்றினார். அத்தாயிடம் நாம் கூறியதும் இதுவே: "அம்மா, நீங்கள் ஈந்தது நோயையன்று, வாழ்வையே. அக்கொடை அறுவை மேசையோடு முடிந்துவிடவில்லை. வேளை தவறாத மருந்திலும், நாள் தவறாத பரிசோதனையிலும் அது தொடர்கின்றது."

இத்தகைய குடும்பம் நம் பங்கில் இருப்பின், அச்சுறுத்தும் பேச்சை விடுத்து, மருத்துவமனைக்கு வழித்துணையாகச் செல்வோம். அதுவும் ஒரு கொடையே.