எந்த அடிப்படைக்குத் திரும்பச் சொல்றீங்க?

ஒரகடம் கூட்டுரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள் தோழர்களே. நைட் ஷிப்ட் முடிந்த பிள்ளைகளைக் கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டுப் போகும். பாதிப் பேர் தூங்கப் போவார்கள். மீதிப் பேர் ஐ.டி. கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தில் தண்ணி அடித்துக்கொண்டு, சபைக்குப் போவார்கள். சபை என்றால் மணிக்கூண்டு வைத்த கோயில் இல்லை. ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடி, வாடகை ஷெட், தகரக் கூரை, இரண்டு பெரிய ஸ்பீக்கர்.

அப்படி ஒரு ஷெட்டின் வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். 'அடிப்படைக்குத் திரும்புவோம்' என்று மூன்று நாள் கூட்டம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளிச்சமும் மேடையும் புகைமெஷினும் போட்டு ஆராதனை நடத்துகிற காலத்தில் யாரோ ஒருத்தர் எளிமையைப் பற்றிப் பேசுகிறாரே என்று மூன்று நாளும் போய் உட்கார்ந்தேன்.

அடிப்படை என்று அவர்கள் சொன்னது இதுதான்: விடியற்காலை ஜெபம், தினமும் வேதவாசிப்பு, வாரம் ஒரு உபவாசம், சம்பளத்தில் தசமபாகம், வேலை கொடுத்தவனுக்குக் கீழ்ப்படிதல். கான்ட்ராக்டில் ஏழெட்டு மாசம் வேலை பார்த்துவிட்டு வெளியே தள்ளப்படப் போகிற பிள்ளைகளுக்கு ஐந்தாவது உபதேசம்! கடைசி நாள் கூட்டம் முடிந்ததும் சாப்பாடு போட்டார்கள். வெளியூர் பிரசங்கியாருக்கும் பெரிய காணிக்கைக்காரர்களுக்கும் உள்ளறையில் வாழையிலை, பிரியாணி. ஷிப்ட் பிள்ளைகளுக்கு வெளியே நின்று வாங்குகிற பொட்டலம். பசி, நானும் வாங்கித் தின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே காட்சி பைபிளில் இருக்கிறது. கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தில் பதினோராம் அதிகாரம் எடுத்துப் பாருங்கள். அங்கே பணக்காரர்கள் முன்னாடியே வந்து தின்று குடித்துவிடுவார்கள். வேலை முடிந்து தாமதமாக வருகிற ஏழைகளுக்குப் பானை காலி. நீங்கள் நடத்துவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று பவுல் முகத்திலடித்த மாதிரி எழுதுகிறார். திருவிருந்துக்கு நம் கோயில்களில் வாசிக்கப்படுகிற வசனங்கள் இந்தச் சோற்றுச் சண்டைக்கு நடுவில் பிறந்தவை. முன்னும் பின்னும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் வாசிக்கிறோம். கலாத்தியர் கடிதத்தில் இன்னொரு சண்டை. அந்தியோகியாவில் புறசாதிக்காரரோடு கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் எழுந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்து உலுக்குகிறார். சேரியில் காபி குடித்துவிட்டு ஊர்க்காரன் தலையைக் கண்டதும் டம்ளரை வைத்துவிடுகிற ஆளை நமக்குத் தெரியாதா என்ன?

ஆக, ஆதிச் சபையில் அடிப்படை என்பது யாரோடு உட்கார்ந்து தின்கிறாய் என்ற கேள்வி. அப்போஸ்தலர் நடபடிகளில் முதல் சபை நிலத்தை விற்றுப் பொதுவில் வைத்தது. அந்தச் சபையில் வந்த முதல் முறுமுறுப்பும் விதவைகளுக்குச் சோறு பங்கிடுவதில் நடந்த ஓரவஞ்சனை பற்றித்தான். ஜெபமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பந்தியை விட்டுவிட்டு ஜெபத்தை மட்டும் அடிப்படை என்று சொல்வது யாருக்கு வசதி?

தமிழ்நாட்டில் சபை வழுக்கி விழுந்ததும் இதே பந்தியில்தான். கோயிலுக்குள் தனி இடம், திருவிருந்தில் முன்னே பின்னே என்று சாதிக்கு வழி விட்டார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரே அதற்குச் சில வருஷம் முன்னாலேயே சாதியாசாரத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதியவர். ஞானஸ்நானத் தண்ணியில் நனையாத ஒரே இடம் சாதி! இது பழைய கதை என்று தள்ள முடியாது. 2008 மார்ச் 9-ல் விழுப்புரம் பக்கம் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கர்களுக்கும் நடந்த மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்களும் கிறித்தவர்களே. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த பிறகும் நம்மைப் பிரிக்கச் சுவர் கட்டினார்கள்.

இந்த இடத்தில் ஷெட் சபைக்காரர்கள் என்னை மடக்குவார்கள். 'எங்க சபையில சாதி கேட்கிறதில்லையே பிரதர்' என்பார்கள். உண்மைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் ஆறு பேர் ஒரு அறையில் கிடக்கிற பெண்பிள்ளையை, 'நீ எந்தத் தெரு' என்று கேட்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த இடம் அது. பாரம்பரியச் சபைகள் செய்யாததைத் தகரக் கொட்டகை செய்திருக்கிறது. காய்ச்சல் என்றால் அந்தப் பாஸ்டர்தான் ராத்திரியில் டூவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். அவரும் நம்ம காலனி ஆள்தான். ஆனால் அதே சபையில் ஒரு கல்யாணப் பேச்சு வரட்டும், சாதி ஜம்மென்று நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது. கேட்காமல் இருப்பது வேறு, ஒழிப்பது வேறு.

அடிப்படையை நமக்குச் சரியாகச் சொன்னவர் ஒருவர் இருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியாபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்றால் எல்லாருக்கும் தெரியும். 2005-ல் மறைந்தார். அவர் இறையியலின் நடுவில் இருந்த சொல் 'ஒரு ஒலை'. எல்லாருடைய அரிசியும் ஒரே உலையில் வேகணும், எல்லாரும் அதிலிருந்து தின்னணும், அதுதான் திருவிருந்து. பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கடவுளை ஆண்டை மாதிரிக் கூப்பிடாமல், 'பெத்தவரே' என்று ஆண் பெண் பேதமில்லாமல் கூப்பிட்டார். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடினால்தான் பக்தி என்று நினைத்த சபை முகம் சுளித்தது. இப்போது அதே சபை கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் முகம் சுளிப்பதில்லை. இறக்குமதியானால் சத்தமும் புனிதமாகிவிடும் போல!

உலையில் போட அரிசி வேண்டும், அரிசிக்கு நிலம் வேண்டும். இந்த மண்ணில் அது சபையின் அடிப்படையாக இருந்த காலமும் உண்டு. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில்தான் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அந்தக் காலத்தில் இந்த ஜில்லாவில் ஊழியம் செய்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் நம்ம ஜனங்களுக்கு நிலம் வேண்டுமென்று விடாமல் எழுதினார்கள், மிராசுதார்களோடு மோதினார்கள். 1892-ல் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசு ஒத்துக்கொண்டது. சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்து மேல்ரோசாபுரம் நிலமில்லாத கிறித்தவர்களுக்காக ஆண்ட்ரூ உண்டாக்கிய குடியிருப்பு. மிஷனரிகளை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. அவர்களுக்கு ஆத்துமக் கணக்கும் இருந்தது. ஆனாலும் நிலம் இல்லாதவனுக்குச் சுவிசேஷம் பாதிதான் என்ற புத்தி இருந்தது. நூறு வருஷம் கழித்து, மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போன போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஒரு கிறித்தவப் பேர், ஒரு இந்துப் பேர். ஒரு ஒலை என்பது ரத்தத்தில் அப்படி வெந்தது. இந்த வட்டாரத்து மேடைகளில் எத்தனை சாட்சி கேட்டிருக்கிறேன்! கார் வந்த சாட்சி, விசா வந்த சாட்சி. இந்த இரண்டு பேர் பெயரை ஒரு தடவை கேட்டதில்லை.

நிலம் இப்போது கம்பெனியாகிவிட்டது. பந்திக் கேள்வி மட்டும் போகவில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரி உட்கார்ந்தது எதற்காக? ஹாஸ்டல் சாப்பாட்டைத் தின்று 150 பேருக்கு மேல் வாந்தி பேதியில் விழுந்ததற்காக. சோறுதான் பிரச்சினை. 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கிற உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஞாயிறுகளில் நான் உட்கார்ந்த எந்த ஆராதனையிலும் அதைப் பற்றி ஒரு ஜெபம்கூட ஏறெடுக்கவில்லை. ஆப்பிரிக்காவின் எழுப்புதலுக்காக ஜெபித்தார்கள்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 'மதம் அபின், அந்தப் பிள்ளைகளை விட்டுத்தள்ளு' என்று பேசுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற ஓய்வை ஒரு தொழிலாளி எங்கே கொண்டுபோய் வைக்கிறாளோ, அங்கே நாம் இல்லையென்றால் வேறு எவனோ இருப்பான். 1950 ஜனாதிபதி ஆணையை எதிர்த்து ஆகஸ்ட் 10 கறுப்பு நாளில் தெருவுக்கு வருகிறோம். சரி. இட ஒதுக்கீடு கேட்கிற அதே வாயால் சபைக்குள் பந்தியையும் கேட்க வேண்டும். கேட்டால் பிளவு வரும் என்பார்கள். வரட்டும். அந்தியோகியாவிலும் வந்தது.

நான் அந்தப் பாஸ்டரிடம் போய்க் கேட்டேன். மாசத்தில் முதல் ஞாயிறு, திருவிருந்து நாளில், ஷெட்டுக்குப் பின்னால் ஒரே உலை வைப்போம். உள்ளறை, வெளியறை கிடையாது, எல்லாரும் தரையில். சாப்பிட்ட பிறகு வேலையில் நடப்பதைப் பேசுவோம். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். 'செய்யலாம் பிரதர். பெரிய காணிக்கைக்காரங்க கோவிச்சுக்கிட்டு நின்னுட்டா, ஷெட் வாடகையை யார் கட்டுறது?' என்றார். நியாயமான கேள்விதான், எனக்கும் உடனே பதில் வரவில்லை. பெரிய அண்டா எங்க காலனி இளைஞர் மன்றத்தில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். அறுபது பேருக்குப் பத்து கிலோ அரிசி போதும். வாடகையைப் பற்றி அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்து பேசுவதாக முடிவு.