பேருந்து ஓட்டுகிறவரிடம் அரசு வாங்கிய கடன்

தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் தொழிலாளர்கள் வேலைநிறுத்த அறிவிப்பு கொடுக்கும் போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுவது வழக்கமாகிவிட்டது. பொங்கலுக்கு ஊர் போகக் காத்திருக்கும் ஜனங்களை நடுத்தெருவில் நிறுத்தலாமா என்பது ஒன்று. நஷ்டத்தில் நடக்கும் ஒரு ஸ்தாபனத்திடம் மேலும் சம்பளம் கேட்பது எந்த ஊர் நியாயம் என்பது மற்றொன்று. முதற் கேள்வியில் உள்ள ஆதங்கம் உண்மையானது. கைக்குழந்தையோடும் மூட்டை முடிச்சோடும் கோயம்பேட்டில் விடிய விடியக் காத்துக் கிடந்தவர்களின் சிரமத்தை எவரும் லேசாகப் பேசிவிட முடியாது. ஆனால் இரண்டாவது கேள்வி விவகாரத்தைத் தலைகீழாக வைத்துப் பார்க்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த நஷ்டத்தை உண்டாக்கியவர் தொழிலாளி அல்லர் என்பது மட்டுமன்று, அதில் ஒரு பகுதியைத் தம் சொந்தப் பணத்தால் இத்தனை காலம் தாங்கி வந்தவரும் அவரே.

1972ஆம் ஆண்டு பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களில் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றியபோது, லாபம் வரும் தடத்தில் மட்டும் வண்டி ஓட்டும் தனியார் முதலாளியின் கணக்கு இனி வேண்டாம், ஆளில்லாத மலையடிவாரக் கிராமத்துக்கும் ஒரு வண்டி போய்வர வேண்டும் என்ற உயர்ந்த நோக்கமே முன்னின்றது. அந்த நோக்கம் வீண்போகவில்லை. இன்று எட்டுக் கழகங்களாக, ஏறத்தாழ 20,000 பேருந்துகளோடும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களோடும் இயங்கும் இந்த ஏற்பாட்டினால்தான் பள்ளிக்கூடம் தூரத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் படிப்பை நிறுத்திய பெண்களின் தலைமுறை முடிவுக்கு வந்தது. மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். கட்டணமோ 2018 ஜனவரிக்குப் பிறகு உயர்த்தப்படவில்லை. அதற்குள் டீசலும் டயரும் உதிரி பாகமும் என்ன விலைக்குப் போயின என்பது வண்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். இவை யாவும் நல்ல காரியங்கள். ஒன்றையும் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் இவற்றைத் தீர்மானித்தது அரசு, பாராட்டைப் பெற்றுக்கொண்டதும் அரசு. அதற்குரிய செலவை மட்டும் முழுமையாகவும் காலத்திலும் கொடுக்காமல், மானியம் என்ற பெயரில் முடிந்தபோது முடிந்ததைக் கொடுத்துவிட்டு, மீதியைக் கழகத்தின் நஷ்டம் என்று எழுதி வைப்பது எப்படி முறையாகும்?

அந்த மீதி எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஒரு நடத்துநரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தாலே போதும். வருங்கால வைப்பு நிதிக்கு ஒரு தொகை, எல்.ஐ.சி. பிரீமியத்துக்கு ஒரு தொகை, கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு ஒரு தவணை என்று வரிசையாகப் பிடித்தம் காட்டப்பட்டிருக்கும். பிடித்தது உண்மை, ஆனால் பிடித்த பணம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதே பல ஆண்டுகளாகத் தொழிலாளர்கள் சொல்லி வரும் குற்றச்சாட்டு. மாதந்தோறும் தவணை கட்டிய மனிதர் சொசைட்டியில் அடுத்த கடன் கேட்டுப் போய் நிற்கிறார். உங்கள் கழகத்திலிருந்து பணம் வரவில்லையே என்று திருப்பி அனுப்பப்படுகிறார். பிறகு பணிமனை வாயிலில், விடியற்காலை முதல் வண்டி வெளியே போவதற்கு முன் நடக்கும் வாயிற்கூட்டத்தில், டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே நின்று அவர் கோஷம் போடும்போது, பேராசை பிடித்தவர் என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம்.

2018 ஜனவரி 4ஆம் தேதி தொடங்கி எட்டு நாள் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காகக் கணக்கிட வேண்டும் என்று சங்கங்கள் கேட்டன, அரசு 2.44 என்றது. இந்த மிகச் சிறிய பேதத்துக்காகவா மாநிலத்தையே ஸ்தம்பிக்க வைத்தார்கள் என்று அப்போது பலர் அங்கலாய்த்தார்கள். ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால், ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் அளவுக்குத் தொழிலாளர்களுக்குச் சேரவேண்டிய தொகையைக் கழகங்கள் எடுத்துச் செலவழித்துவிட்டன என்ற பெருங்குறை நின்றது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பொங்கலுக்கு முன் 750 கோடி ரூபாய் வழங்கப்படும் என்று அரசு அறிவிக்க நேர்ந்ததும், உயர் நீதிமன்றம் தலையிட்டு ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை மத்தியஸ்தராக நியமித்ததும், அந்தக் குறை கற்பனையன்று என்பதற்குப் போதிய சாட்சி. சம்பள உயர்வு பேரம் பேசக்கூடிய விஷயம்தான். பிடித்தம் செய்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் பேரத்துக்கு என்ன இடம் இருக்கிறது?

இந்தப் பேச்சுவார்த்தைகளின் அமைப்பிலேயே ஒரு கோளாறு உண்டு. மேஜையின் ஒரு புறம் சங்கப் பிரதிநிதிகள். மறுபுறம் கழக நிர்வாக இயக்குநர்கள். தொழில் தகராறு சட்டத்தின்படி கையெழுத்தாகி வந்த 12(3) ஒப்பந்தம் சங்கத்தில் சேராத தொழிலாளியையும் கட்டுப்படுத்தும் வலுவுடையதாக இருந்தது. ஆனால் கையெழுத்திடும் நிர்வாகத்தின் கையில் பணம் இல்லை; பணம் நிதித்துறையிடம் இருக்கிறது; அந்தத் துறையின் வாக்குறுதி ஒப்பந்தத்தில் எழுத்தாக இடம்பெறாதவரை, ஒப்பந்தம் எத்தனை பக்கம் நீண்டாலும் பலன் கொஞ்சம்தான்.

சங்கங்களின் பக்கம் குறையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். 2018இல் அப்போதைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வைச் சார்ந்த அண்ணா தொழிற்சங்கப் பேரவை உள்ளிட்ட சங்கங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, தி.மு.க.வின் தொ.மு.ச., இடதுசாரிகளின் சி.ஐ.டி.யு. முதலியவை வெளியேறி வேலைநிறுத்தம் செய்தன. 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் வந்தபோது சி.ஐ.டி.யு.வோடு அண்ணா தொழிற்சங்கப் பேரவை போராட, தொ.மு.ச. வண்டிகளை ஓட்டியது. இடையில் மாறியது ஆட்சி ஒன்றே. தொழிலாளியின் நிலை மாறவில்லை. கோட்டையில் யார் இருக்கிறார் என்று பார்த்துக் கொடி பிடிக்கும் சங்கம் தன் அங்கத்தினரின் சந்தாவுக்கு உரிய கடமையைச் செய்ததாகாது. இந்த மனக்கசப்பை வாயிற்கூட்டங்களில் முன்வரிசையில் நிற்கும் தொழிலாளிகளே வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

இதில் மிகவும் நொந்தவர்கள் ஓய்வு பெற்றவர்கள். முப்பது ஆண்டு ஸ்டீயரிங் பிடித்துத் தோளும் முதுகும் தேய்ந்து வீடு திரும்பும் ஓட்டுநருக்கு ஓய்வு பெறும் நாளிலேயே கிடைக்கவேண்டிய பணிக்கொடையும் வைப்பு நிதியும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டு கடந்தும், வந்து சேர்வதில்லை. 2015 நவம்பர் முதல் அவர்களுடைய அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டதே 2024 வேலைநிறுத்தத்தின் பிரதான கோரிக்கைகளுள் ஒன்று. வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு வேலை இல்லை. நிறுத்தி வைக்க ஒரு வண்டி இல்லை. மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பணிமனை வாசலில் உட்கார்வது தவிர வேறு ஆயுதமும் இல்லை. அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று 2003இல், டெஸ்மா எனப்படும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரளவில் பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மேற்கோள் காட்டுகிறவர்கள், போராடாத இந்த முதியவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் பணம் கிடைத்தது என்பதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

இனிச் செய்யவேண்டியதற்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்தோடு பேசும் தனிப் பிரதிநிதி என்கிறது. அப்படி ஒன்று இல்லையென்றால் பல சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு அமையும். அந்த ஆதரவை ரயில்வேயில் 2007, 2013, 2024 ஆண்டுகளில் நடந்ததுபோல ரகசிய வாக்கெடுப்பின் மூலம் பணிமனைதோறும் அறிவது நல்லது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோடு பேச உட்காரும்போது கழக நிர்வாகத்தோடு நிதித்துறைச் செயலரும் உட்கார வேண்டும். கட்டணமில்லாப் பயணத்துக்கும் மாணவர் அட்டைக்கும் நஷ்டத் தடங்களுக்கும் ஆகும் முழுச் செலவையும் காலாண்டுதோறும் செலுத்துவதாக அரசு எழுதிக் கொடுக்க வேண்டும். தொழிலாளியின் பிடித்தங்கள் கழகத்தின் நடப்புக் கணக்கைத் தொடாமல், சம்பள நாளன்றே வைப்பு நிதிக்கும் காப்பீட்டுக்கும் சொசைட்டிக்கும் நேராகச் சென்று சேர வேண்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தாக இது இருக்கட்டும். சம்பளம் எத்தனை சதவீதம் உயர வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.