நுண்ணறிவுக்கு ஒரு சூத்திரம்: வரைவிலக்கணமா, மறைந்த தெரிவா?

நுண்ணறிவு யாது என்னும் வினாவுக்கு உளவியலாளரும் மெய்யியலாளரும் தந்த விடைகள் பல. ஷேன் லெக், மார்க்கஸ் ஹற்றர் ஆகிய இருவரும் 2007ஆம் ஆண்டில் 70 வரையான வரைவிலக்கணங்களைத் திரட்டினர். அவற்றின் பொதுச்சாரமாக, பல்வகைச் சூழல்களில் இலக்குகளை எய்தும் ஆற்றலே நுண்ணறிவு என்றனர். அதற்கு ஒரு கணிதச் சூத்திரமும் வகுத்தனர். அன்று தொட்டு, மனிதச் சார்பற்ற அளவுகோல் கிடைத்துவிட்டது என்னும் நம்பிக்கை செயற்கைப் பொது நுண்ணறிவு ஆய்வாளருள் ஒரு சாராரிடம் நிலவுகின்றது. அந்நம்பிக்கை பொருந்தாது என்பதை அச்சூத்திரத்தின் அமைப்பே காட்டிவிடும்.

கணிக்கத்தக்க சூழல்கள் யாவற்றிலும் ஓர் இயந்திரம் பெறக்கூடிய வெகுமதியை நிறையிட்டுக் கூட்டினால் வருவதே அதன் நுண்ணறிவு என்பது சூத்திரத்தின் பொருள். எளிய சூழலுக்கு நிறை அதிகம். சிக்கலான சூழலுக்குக் குறைவு. சூழலை விபரிக்கும் மிகக் குறுகிய செய்நிரலின் நீளமே அதன் சிக்கலாகும். இது கொல்மொகோறொவ் வகுத்த அளவை. செய்நிரல் ஒரு துவித இலக்கத்தால் நீளுந்தோறும் நிறை பாதியாகும். 10 இலக்கச் சூழலுக்குரிய நிறை 1,024இல் ஒரு பங்கு. 20 இலக்கச் சூழலுக்குரியது 1,048,576இல் ஒரு பங்கு.

இவ்வளவையை எந்தக் கணினியாலும் முழுமையாகக் கணிக்க இயலாது என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆயினும் அதனை மட்டும் காட்டிச் சூத்திரத்தைத் தள்ளுதல் நேர்மையன்று. உராய்வற்ற தளம் உலகில் இல்லை; எனினும் பௌதிகவியலுக்கு அது பயன்படுகின்றது. குறை வேறிடத்தில் உள்ளது.

செய்நிரலின் நீளம் எந்த இயந்திரத்தின் மொழியில் அளக்கப்படுகின்றது? இயந்திரத்தை மாற்றினால் நீளம் ஒரு மாறிலிக்குள்ளேயே வேறுபடும் எனத் தேற்றம் உண்டு என்பர் ஆதரவாளர். உண்மையே. ஆனால், அம்மாறிலி இங்கு அடுக்கில் ஏறி நிற்கின்றது. 20 இலக்க வேறுபாடு நிறையைப் பத்து இலட்சம் மடங்குக்கு மேல் புரட்டிவிடும். 2015ஆம் ஆண்டில் யான் லைக்கவும் ஹற்றரும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, இவ்வளவை முற்றிலும் இயந்திரத் தெரிவைச் சார்ந்தது என நிறுவியது. சூத்திரத்தை ஆக்கியோருள் ஒருவரே அதன் எல்லையை எடுத்துரைத்தமை போற்றற்குரியது. அதன் பின்னரும் அதனைச் சார்பற்ற அளவுகோல் எனப் பரப்புவோர், கணிதத்தின் பெயரால் கணிதத்தையே மறுக்கின்றனர்.

வெகுமதி பற்றிய வினா இன்னும் ஆழமானது. எது வெகுமதி என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. அது புறத்திருந்து எண்ணாக வழங்கப்படுகின்றது. எந்த இலக்கு எய்தத்தக்கது என ஆராய்தலும் அறிவின் கூறேயாம். அக்கூற்றைச் சூத்திரம் தொடக்கத்திலேயே வெளியேற்றிவிடுகின்றது.

இவை ஏட்டளவில் நிற்கும் பிணக்குகள் அல்ல என்பதற்கு வரலாறு சான்று. 1905ஆம் ஆண்டில் அல்பிரெட் பினே, சிமோனுடன் இணைந்து சோதனை ஒன்றை அமைத்தது, சிறப்புக் கல்வி வேண்டிய பிள்ளைகளை இனங்காண்பதற்கே. 1916ஆம் ஆண்டில் ரேர்மன் அதனை அமெரிக்காவுக்கு ஏற்பத் திருத்தியமைத்தார்; அங்கு அது பிறப்பால் அமைந்த அறிவின் அளவாகக் கொள்ளப்பட்டு, மனிதரைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று. எண் நிலைத்தது, அது பிறந்த நோக்கம் மறக்கப்பட்டது. இன்று இயந்திரங்களுக்கு இடப்படும் எண்கள், எப்பணியை யாரிடமிருந்து எடுத்து இயந்திரத்திடம் ஒப்படைப்பது என்னும் தீர்மானங்களுக்கு நியாயமாகக் காட்டப்படுகையில், அதே மறதி மீண்டும் நேரலாம்.

அவ்வாறாயின் அளத்தலையே கைவிடுவதா? அன்று. பிரான்சுவா ஷொலே 2019ஆம் ஆண்டில் வேறொரு வழி காட்டினார். பெற்ற திறனை மட்டும் நோக்காது, முன்னறிவுக்கும் அனுபவத்துக்கும் ஈடாகப் புதுத்திறன் எத்துணைச் சிக்கனமாகப் பெறப்படுகின்றது என நோக்க வேண்டும் என்றார். தம் சோதனை எடுத்துக்கொள்ளும் முன்னறிவு எது என்பதையும் வெளிப்படையாகப் பட்டியலிட்டார். அவ்வளவையும் முடிந்த முடிபன்று. ஆயினும் தன் தெரிவை ஒளிக்காத அளவுகோலோடு வாதிட இயலும். ஒளிக்கும் அளவுகோலுக்குப் பணியவே இயலும்.

ஆகவே, ஓர் இயந்திரத்தின் நுண்ணறிவு இத்துணை எனக் கூறுவோரிடம் பல்கலைக்கழகங்கள் மூன்றைக் கேட்டறிதல் வேண்டும்: எச்சூழல்களில் அளந்தீர்? நிறைகளை இட்டவர் யார்? வெகுமதியை வகுத்தவர் யார்? இவற்றுக்கு விடையின்றி முன்வைக்கப்படும் எண்ணை அறிவியல் முடிபாக ஏற்க வேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை.